இரண்டு கைக்கடிகாரங்களும் ஒரு சித்திராப் பறுவமும்

இதை எழுத ஏழெட்டு வருடம் தயங்கியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வெங்காயமும் மிளகாயும் நட்டுப் பழகிய கைக்கு மண்வெட்டி பிடித்த அளவுக்குப் பேனா பிடிக்க வராது. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அது மட்டுமல்ல. சித்திரைப் பௌர்ணமியான சித்திராப் பறுவத்தில் நான் அவுஸ்திரேலியாவில் விரதம் இருந்த கதை எங்கள் ஊரில் எனக்கு முன்னாலேயே நடந்து திரிகிறது. வருடத்துக்கு வருடம் அது வளர்ந்துகொண்டும் வருகிறது. அந்தக் கதையில் வரும் மனிதன் நானில்லை. இப்போது கோயில் மலருக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். முருகன் சாட்சியாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா ஐப்பசி மாதத்தில் காலமானார். என் தங்கை பத்மாவுக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். மெல்பேணில் டொக்டர் அவளை விமானத்தில் ஏற விடவில்லை. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலே அவள் அங்கே இருந்துவிட்டாள். அழுதாளோ, இல்லையோ, எங்களுக்குத் தெரியாது. தை மாதக் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "அண்ணை, தாயில்லாதவைக்குச் சித்திராப் பறுவம்தானே விரதம். இது முதல் பறுவம். எனக்கு இங்கை ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் வந்தால் இரண்டு பேருமாப் பிடிப்பம். அம்மாவுக்கு எண்டு நான் செய்யப்போற முதல் காரியம் இது. பிழைக்கக் கூடாது."

அவளுடைய கணவர் நேசன் பயணச்சீட்டை அனுப்பிவைத்தார். அவர் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிறவர். நல்ல மனிதர். விரதம், கோயில் என்றால் மட்டும் ஒதுங்கி நின்று சிரிப்பார்.

நான் இடித்த மிளகாய்த்தூளும், கீரிமலைத் தீர்த்தம் ஒரு போத்தலும், அந்த வருடத்துப் பஞ்சாங்கமும் கொண்டு போனேன். சிட்னியில் இறங்கியபோது அதிகாரி ஒருவர் தூளை மணந்து பார்த்துவிட்டுத் தும்மத் தொடங்கினார். தும்மல் நின்றபின் போத்தலை மணந்தார். அதில் ஒரு மணமும் இல்லை என்பதுதான் அவருக்கு இன்னும் கூடுதலான சந்தேகத்தைக் கொடுத்தது. என்னைக் குடித்துக் காட்டச் சொன்னார். ஒரு வாய் குடித்தேன். போகலாம் என்று கை காட்டினார்.

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் பார்ப்பது அம்மாதான். விடிய எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "இண்டைக்கு இது, நாளைக்கு அது" என்று சொல்லுவார். நாங்கள் அதன்படி முழுகுவோம், சமைப்போம், பட்டினி கிடப்போம். நான் அந்தப் புத்தகத்தை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. கூட்டலும் கழித்தலும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மாறிப்போகும். சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அம்மா சமைத்துக்கொண்டே குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "டேய், கூட்டு எண்டால் கூட்டு!" என்பார்.

மெல்பேணுக்கு வந்த நாள்முதல் எனக்குத் தலை சுற்றல்தான். இடக் கையில் அந்த ஊர் நேரத்துக்கு ஒரு கடிகாரம் கட்டியிருந்தேன். வலக் கையில் யாழ்ப்பாண நேரத்துக்கு இன்னொன்று. பத்மாவின் மகள் ரமணிக்கு ஏழு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள். "மாமாவுக்கு நேரம் போதாதா, ஏன் இரண்டு?" என்று கேட்டாளாம். சித்திரை மாதத்தில் அங்கே இலை கொட்டுகிறது. மத்தியானச் சூரியன் உச்சிக்கு வராமல் வடக்குப் பக்கமாகச் சரிந்து போகிறது. அன்னம் கறுப்பு நிறம். ஊரில் பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலை வரிசையில் நின்றுவிட்டு வந்தவன் நான். அங்கே கடையில் பத்து விதப் பாண் அடுக்கியிருக்க, எதை எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் பஞ்சாங்கத்தை விரித்தேன். பறுவம் யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்குகிறது என்று இருந்தது. இரண்டு ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். வலக் கையைப் பார்த்தேன், இடக் கையைப் பார்த்தேன். ஊர் நேரம் பின்னுக்கு நிற்கிறது. பின்னுக்கு என்றால் கழிப்பதுதானே என்று கழித்தேன். வெள்ளி இரவு ஒன்பதரை வந்தது.

"பிள்ளை, இங்கை வெள்ளி இரவே பறுவம் பிறக்குது. விரதம் வெள்ளிக்கிழமை" என்றேன்.

"வடிவாப் பாத்தியளோ அண்ணை?"

"இரண்டு தரம் பாத்தனான்."

இரண்டு தரம் பார்த்தது உண்மைதான். இரண்டு தரமும் கழித்தேன்.

நேசன் தலையிடவில்லை. "உங்கட பஞ்சாங்கம், உங்கட பாடு. வெள்ளி இங்கை லீவு. மூண்டு நாளிலை காடு, கடல், மலை எல்லாம் காட்டுறன் மச்சான். விரதத்தைக் காருக்குள்ளை இருந்தும் பிடிக்கலாம்" என்றார்.

வெள்ளி விடிய வெளிக்கிட்டோம். பழைய கார். முன்னால் நேசனும் நானும், பின்னால் பத்மாவும் ரமணியும், மடியில் ஐந்து மாதக் கைக்குழந்தை. இரண்டு மணி நேரம் ஓடியபின் ஒரு சின்ன ஊரில் பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். தெருவில் ஊர்வலம் வந்தது. முன்னால் பேண்ட் வாத்தியம். பின்னால் வயது போனவர்கள் கோட்டுப் போட்டு, நெஞ்சில் பதக்கம் குத்தி, அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலைக் கொத்தும் குத்தி, மெல்ல மெல்ல நடந்து வந்தார்கள். சாமி மட்டும் இல்லை. மற்றப்படி எங்கள் கோயில் வீதி மாதிரியே இருந்தது.

"என்ன திருவிழா மச்சான்?" என்று கேட்டேன்.

"திருவிழா இல்லை. சண்டையிலை செத்தவையை நினைக்கிற நாள். அதுக்குத்தான் லீவு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "பாத்தியே பத்மா! இந்த நாட்டுச் சனத்துக்கும் இண்டைக்குத்தான் செத்தவையின்ரை நாள். என்ரை கணக்குச் சரி எண்டு முருகனே வந்து சொல்லுறான்" என்றேன். நேசன் என்னவோ சொல்ல வாயெடுத்துவிட்டு, காரை எடுத்தார்.

காடு என்றால் எனக்கு வன்னிக் காடுதான் தெரியும். இது வேறு. மரங்கள் வானத்துக்கு ஏறிப் போயிருந்தன. தென்னை உயரத்துக்கு இறகு இறகாக இலை விரித்த பன்னச் செடிகள், அவற்றின் குடைக்குக் கீழே இன்னும் பன்னங்கள். மழை பெய்கிறதா, மரம்தான் சொட்டுகிறதா என்று தெரியவில்லை. ஆனால் காட்டை விட்டு வெளியே வந்ததும் ஒரு மேட்டில் செக்கச் சிவந்த மண்ணில் உருளைக்கிழங்குத் தோட்டம்! காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தேன். எங்கள் செம்மண்ணேதான். இந்தக் குளிருக்குள் அது எப்படி வந்து கிடக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தங்குவதற்கு அமர்த்திய மரவீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. அதில்தான் முழுக்கு. பாதித் தீர்த்தத்தை வாளித் தண்ணீரில் கலந்தேன். தெற்கு நோக்கி நின்று அம்மாவை நினைக்க வேண்டும். தெற்கு எது? சூரியனை வைத்துப் பிடிக்கலாம் என்றால் அது வடக்கே நிற்கிறது. மூன்று தரம் திரும்பி நின்றேன்.

"சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கோ மச்சான், அதுதான் தெற்கு" என்று திண்ணமாகச் சொன்னார் நேசன். "அங்காலை போனால் பனிக்கட்டி மட்டும்தான்."

"அந்தக் குளிருக்குள்ளையோ அம்மா இருக்கிறா?" என்று பத்மா கேட்டாள். பகிடியாகக் கேட்கவில்லை. தண்ணீரை ஊற்றினேன். பல் கிட்டிப்போனது. கரையேறிப் பார்த்தால் காலில் நாலு அட்டை.

பின்னேரம் பத்மா கஞ்சி காய்ச்சினாள். தேங்காய்க்கு எங்கே போவது? பெட்டியில் வரும் உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுபாலில் ஊறவைத்துப் பிழிந்தாள். பூசணிக்காய்க் கறி, பருப்பு. முதல் பங்கை இலை இல்லாதபடியால் ஒரு பீங்கானில் வைத்துக் கற்பூரம் கொளுத்தினோம். வெளியே மழை, நிலவே தெரியவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒன்றும் பிழைக்கவில்லை.

பத்மா கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அண்ணை, எனக்கு ஒண்டும் வருகுதில்லை" என்றாள். "அம்மா செத்த செய்தி வந்த நேரமும் வரேல்லை. இண்டைக்காவது வரும் எண்டு பாத்தன். நான் என்னவும் பிழையாச் செய்திட்டனோ?"

"இல்லைப் பிள்ளை, எல்லாம் முறைப்படிதான் நடந்தது" என்றேன். கஞ்சி ஆறிப்போனது. அவள் பாதி குடித்துவிட்டுக் கழுவ எழுந்து போனாள்.

சனிக்கிழமை வெயில் எறித்தது. கடற்கரையை ஒட்டி மலையைச் செதுக்கிப் போட்ட வீதி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நேரே கீழே கடல். ரமணி இரண்டு தரம் சத்தி எடுத்தாள். நான் எடுக்காததற்குக் காரணம், கண்ணை மூடிக் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததுதான். ஒரு ஏற்றத்தில் காரின் முன்பக்கத்தால் ஆவி கிளம்பியது. நேசன் இறங்கி மூடியைத் திறந்து, பின்னால் கையை நீட்டித் தண்ணீர் கேட்டார். ரமணி காலடியில் கிடந்த போத்தலை எடுத்துக் கொடுத்தாள். நான் கண்ணைத் திறந்தபோது கடைசிச் சொட்டும் ரேடியேட்டருக்குள் இறங்கிவிட்டது.

"ஐயோ மச்சான், அது கீரிமலைத் தீர்த்தம்!"

நேசன் வெறும் போத்தலைப் பார்த்தார். "விரதம் நேற்று முடிஞ்சுதுதானே? கார் இனி மோட்சத்துக்கே போகும், ஏறுங்கோ" என்றார். பத்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கார் என்னவோ அதற்குப் பிறகு ஒரு தரமும் கொதிக்கவில்லை.

மத்தியானம் ஒரு துறைமுகச் சிற்றூர். மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, உருளைக்கிழங்குப் பொரியலோடு தாளில் சுற்றித் தருகிறார்கள். மணலில் இருந்து தாளை விரித்தோம். இரண்டு நாளாக மரக்கறி. விரதமும் முடிந்துவிட்டது என்ற நிம்மதி. ஒரு துண்டு எடுத்தேன். வெள்ளைச் சதை, முள்ளே இல்லை.

"என்ன மீன் இது?"

"சுறா" என்றார் நேசன்.

இத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்து சுறா! இன்னொரு துண்டு. பிறகு இன்னொன்று. புளிக்காடியைத் தெளித்து, விரலையும் சூப்பினேன்.

பக்கத்தில் ஒரு கிழவர் தூண்டில் பெட்டியோடு இருந்தார். அவருடைய தொப்பியில் நேற்று ஊர்வலத்தில் பார்த்த அதே பச்சைக் கொத்து, வாடிப்போய். நான் சாப்பிடும் வேகத்தைப் பார்த்துச் சிரித்து என்னவோ சொன்னார். நேசன் தமிழில் சொன்னார்: "நல்லாச் சாப்பிடுங்கோவாம். பின்னேரம் அவருக்கும் நல்ல மீன் படுமாம். இண்டைக்கு இரவு முழு நிலவு, தண்ணி நல்லா ஏறுமாம்."

"இண்டைக்கோ? நேற்று எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

நேசன் கேட்டார். கிழவர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கடல் ஏறும் இறங்கும் நேரங்கள் அச்சடித்த சின்ன அட்டையை எடுத்துக் காட்டினார். சனிக்கிழமைக்கு நேரே ஒரு வட்டம். வெள்ளிக்கு நேரே ஒன்றுமில்லை.

என் வாய்க்குள் மீன் அப்படியே நின்றது. விரலால் மணலில் எழுதினேன். இரண்டு மணி. நாலரை. இங்கே நேரம் முந்தி ஓடுகிறது. ஊரில் இரண்டு மணி என்றால் இங்கே அதற்கு மேலே நாலரை மணி ஆகியிருக்க வேண்டும். சனி காலை ஆறரை. கூட்டியிருக்க வேண்டும். நான் கழித்துவிட்டேன். இன்றைக்குத்தான் சித்திராப் பறுவம். அம்மாவின் முதல் விரத நாளில், நடுப்பகலில், சுறா தின்றுகொண்டிருக்கிறேன். தங்கைக்கும் தின்னக் கொடுத்திருக்கிறேன்.

"ஏன் அண்ணை முகம் கறுத்துப் போச்சு?" என்று பத்மா கேட்டாள்.

"வயித்துக்குள்ளை ஒரு மாதிரிக் கிடக்கு."

அதுவும் பொய்யில்லை. ஆனால் முழு உண்மை அதுவல்ல. பிழைக்கக் கூடாது என்று எழுதியவளுக்கு, உன்னுடைய முதல் காரியத்தையே நான் பிழைக்க வைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் ரமணிக்கு ஐஸ்கிறீம் வாங்க எழுந்து போனார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது: கடலில் முழுகி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பது. காற்சட்டை, கம்பளிச் சட்டையோடு இறங்கினேன். இரண்டு கையிலும் கடிகாரம்.

இடுப்பளவில் நின்று ஒரு முழுக்கு, இரண்டாம் முழுக்கு. மூன்றாவதற்குக் குனியும்போது ஒரு அலை காலை வாரிவிட்டது. கம்பளி தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தது. யாரோ என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கிழவர்தான். சப்பாத்தோடு கடலுக்குள் வந்திருந்தார். ஏதோ ஏசிக்கொண்டே என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டார். நான் சாகப் போனேன் என்று நினைத்துவிட்டார்.

பத்மா குழந்தையை நேசனிடம் திணித்துவிட்டு ஓடி வந்தாள். "அண்ணை! என்ன வேலை இது? விசரே உங்களுக்கு?"

"பறுவம் இண்டைக்கு, பத்மா."

"என்ன?"

"நேற்று இல்லை. இண்டைக்கு. நான் கழிச்சுப்போட்டன். கூட்டியிருக்க வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மணலில் கிடந்த எண்ணெய்த் தாளைப் பார்த்தாள். "அப்ப அந்த மீன்?"

"ஓம்."

"நான் ஒரு துண்டு."

"நான் மூண்டு."

"தீர்த்தம்?"

"காருக்குள்ளை."

அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள்தான். இடுப்பில் கையை வைத்து, தலையை ஒரு பக்கம் சரித்து, அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற அதே பார்வை பார்த்து, அதே குரலில் சொன்னாள்: "டேய், கூட்டு எண்டால் கூட்டு!"

சொன்ன வாய் மூடவில்லை. அந்தக் குரல் அவளுக்கே கேட்டுவிட்டது. மணலில் தொப்பென்று இருந்தாள். "அம்மா" என்றாள். பிறகு வந்தது. ஐப்பசியிலிருந்து வராதது எல்லாம் வந்தது. வாய்விட்டு, ஊரில் பெண்கள் அழுகிற மாதிரியே அழுதாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ரமணி பயந்துபோய் ஐஸ்கிறீமை நழுவ விட்டுவிட்டு, தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முதல் தடவையாக என் காதில் விழும்படி தமிழில் சொன்னாள்: "அழாதேங்கோ அம்மா."

கிழவர் நனைந்தபடி நின்றார். நேசனிடம் மெல்ல ஏதோ கேட்டார். அவர்களுடைய தாய் இறந்துவிட்டார் என்று நேசன் சொல்லியிருக்கிறார். எப்போது என்று கிழவர் கேட்கவில்லையாம். தொப்பியைக் கழற்றினார். அதிலிருந்த வாடிய கொத்தை எடுத்துப் பத்மாவின் கையில் வைத்துவிட்டு, சப்பாத்திலிருந்த தண்ணீரைக் கொட்டி, தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

பத்மா எழுந்து போய், அலை வரும் இடத்தில் குனிந்து தண்ணீரைத் தலையில் தெளித்தாள். "திண்டது திண்டதுதான். இனி நாளைக்கு விடியுமட்டும் பச்சைத் தண்ணிதான் அண்ணை. குழந்தைக்குப் பால் குடுக்கிறபடியால் எனக்குத் தேத்தண்ணி" என்று அவளே விதி சொன்னாள். நான் தலையாட்டினேன். பஞ்சாங்கத்தையும் என்னிடமிருந்து வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பின்னேரம் மலைப்பக்கம் ஓடினோம். ஆட்டு மந்தைகள் மேயும் வெளிகளுக்கு அப்பால் மலைகள் நீலமாக எழும்பி நின்றன. ஆறு மணிக்குச் சற்று முன், வலது பக்கத்தில் நிலவு கிளம்பியது. தாம்பாளம் போல, ஒரு குறையும் இல்லாமல். ஆனால் அதற்குள் இருக்கும் முயல் தலைகீழாகக் கிடந்தது. இரண்டு கடிகாரத்துக்குள்ளும் கடல் தண்ணீர் போயிருந்தது; இடக் கைக் கடிகாரம் நின்றுவிட்டது. யாழ்ப்பாணக் கடிகாரம் மட்டும் ஓடியது. அதில் ஒன்றரை மணி. ஊரில் மத்தியானம், கோயில் மடத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். பத்மா பின்னால் இருந்து கையை நீட்டி என் தோளைத் தொட்டாள்.

ஞாயிறு காலை மலையில் பாணும் பழமும் சாப்பிட்டு விரதத்தை முடித்தோம். மரத்திலிருந்து ஒரு பறவை மனிதரைப் போலவே வாய்விட்டுச் சிரித்தது. "மச்சான்ரை கணக்கைக் கேள்விப்பட்டிட்டுது" என்றார் நேசன். பத்மாவும் சிரித்தாள், அவளுக்கு முகம் வீங்கியிருந்தது, ஆனால் கண் தெளிந்திருந்தது.

ஒழுங்காகச் செய்த வெள்ளி அம்மாவிடம் போய்ச் சேர்ந்ததா, மீனோடு போன சனி சேர்ந்ததா? இதை எந்த ஐயரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டு, அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இப்போது ஒவ்வொரு சித்திரைக்கும் பத்மா அங்கிருந்து கடிதம் எழுதுகிறாள். மேலே தேதி, அதற்குக் கீழே மெல்பேணில் பறுவம் தொடங்கும் நேரம், அடைப்புக்குள் "கூட்டிப் பார்த்தது" என்று இருக்கும்.

ஊருக்கு வந்தபின் கோயிலில் ஒரு பெரியவர், அந்நிய நாட்டிலும் சித்திராப் பறுவத்தன்று பனிக்கடலில் முழுகி விரதம் காத்தவர் என்று என்னை எழுப்பி நிறுத்திப் புகழ்ந்தார். என் மனைவி சொன்னதில் பாதியைக் கேட்டவர் அவர். நான் எழுந்து நின்று கும்பிட்டேனே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கும்பிடுதான் இத்தனை வருடம் என் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

ஆகவே இதை வாசிக்கிறவர்கள் வேறு யாருக்கும் சொல்வதானால், தயவுசெய்து இதில் உள்ளபடியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். ஊரில் சொல்கிற மாதிரி அந்தப் பட்டாளக் கிழவர் எனக்கு மரியாதை அணிவகுப்புச் செய்யவில்லை. சட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்தார். கடல் பனிக்கட்டியாக இருக்கவில்லை, வெறும் குளிர்தான். என் தங்கை அழுததைச் சொல்லுங்கள். அதற்கு முன் நான் மீன் தின்றதையும் விடாமல் சொல்லுங்கள். மூன்று துண்டு.